தட்டிப் பார்க்காமல் ஒரு டிரம் செட்

சந்தையில் மண்பானை வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வாங்குபவர் பானையைத் தூக்கி விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். கணீரென்று ஒலித்தால் விலை பேசத் தொடங்குவார். 'டப்' என்று செத்த ஓசை வந்தால் அதை வைத்துவிட்டு அடுத்த பானையை எடுப்பார். கண்ணுக்குப் புலப்படாத மயிரிழை விரிசலைக் காது கண்டுபிடித்துவிடுகிறது. விரிசலின் இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றித் தீர்த்துவிடுவதால் ஓசை நீடிப்பதில்லை. எந்தக் கருவியும் இல்லாமல் நம் பாட்டிமார் செய்துவந்த ஒலியியல் சோதனை இது.

சரி, பானை 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்வி எனக்கு வால்பாறையிலிருந்து வந்தது.

என் அக்காள் மகன் அங்கே பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறான். அவனும் நண்பர்கள் ஐவரும் சேர்ந்து ஒரு சின்ன இசைக்குழு வைத்திருக்கிறார்கள். கல்யாணம், கோயில் விழா, பள்ளி ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போய் வாசிப்பார்கள். கீபோர்டும் கிதாரும் சொந்தம். டிரம் செட் மட்டும் பொள்ளாச்சியிலிருந்து வாடகைக்கு வரும். அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதை ஏற்றி இறக்கும் வண்டிக் கூலியே வருமானத்தில் பாதியைத் தின்றுவிடும். இரண்டு வருஷம் பணம் சேர்த்தார்கள். சென்னையில் ஒரு கடையில் இரண்டு செட்டுகள் இருப்பதாகத் தெரிந்தது. விலையில் அதிக வித்தியாசம் இல்லை. விற்ற பொருளைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். நேரில் போய் வாசித்துப் பார்க்கலாமென்றால் பரீட்சை நேரம். பயணச் செலவு வேறு.

"மாமா, நீங்க பிசிக்ஸ் வாத்தியார்தானே? ரெண்டுல எது நல்லதுன்னு சொல்லுங்க" என்றான் தொலைபேசியில்.

நான் டிரம் குச்சியைக் கையால் தொட்டதில்லை. அது மட்டுமல்ல, பார்க்காமல் பொருள் வாங்குவதில் எனக்கு ஒரு பழைய சூடு உண்டு. முதுகலை படித்த காலத்தில் விடுதி நண்பர்களுடன் சேர்ந்து, அட்டைப் பெட்டியில் '1000 வாட்' என்று அச்சடித்திருந்த ஒலிபெருக்கியைத் தபாலில் வரவழைத்தேன். பின்பக்கம் பார்த்தால் அது மின்சாரத்திலிருந்து எடுத்துக்கொள்வதே 30 வாட்தான்! ஆற்றல் அழிவின்மை விதியைப் படித்துக்கொண்டிருந்த நால்வர் சேர்ந்து ஏமாந்த கதை அது. ஆகவே அவனிடம், "உடனே சொல்ல முடியாது, உன்னிடம் என்ன விவரங்கள் இருக்கின்றன, முதலில் அதைச் சொல்" என்றேன்.

விவரப் பட்டியல் ஒன்று, கடைக்காரர்கள் அனுப்பிய வீடியோக்கள் இரண்டு. முதல் செட்டின் ஷெல், அதாவது மர உருளை, பாப்லார் மரம். ஸ்டாண்டு, முக்காலி, பித்தளைச் சிம்பல்கள் எல்லாம் விலையில் அடக்கம். இரண்டாவது செட் பிர்ச் மரம். ஸ்டாண்டுகள் உண்டு, சிம்பல்கள் கிடையாது. விலையும் சற்று அதிகம். இரண்டிலும் 22 அங்குல பேஸ் டிரம், 14 அங்குல ஸ்னேர், 12 அங்குல டாம், 16 அங்குல டாம் ஆகியவை பொதுவாக இருந்தன. பையன் ஏற்கெனவே இரண்டாவதுக்கு மனத்தைப் பறிகொடுத்துவிட்டான். "வீடியோல கேட்டேன் மாமா, இடி மாதிரி இருக்கு."

அந்த இடி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும்.

தோலும் இழுவிசையும்

டிரம்மின் 'தோல்' இன்று தோலன்று. 1950-களின் நடுப்பகுதி வரை கன்றுத் தோலைத்தான் கட்டினார்கள். ஈரக் காற்றில் அது தளரும், வெயிலில் இறுகும். இப்போது இருப்பது மைலார் எனப்படும் பாலியெஸ்டர் தகடு. மழை அதை ஒன்றும் செய்யாது. வால்பாறை போன்ற மழைக்காட்டு ஊரில் இது பெரிய வசதிதான்.

இழுத்துக் கட்டிய வட்டச் சவ்வின் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணை ஒரு சிறிய சூத்திரம் தருகிறது. முதலில் சவ்வில் அலை ஓடும் வேகம். சவ்வின் இழுவிசையை, ஒரு சதுர மீட்டர் சவ்வின் நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் இந்த வேகம் கிடைக்கும். அதை 0.766-ஆல் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் அதிர்வெண்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். சாதாரண ஒற்றைத் தகட்டுத் தோலின் தடிமன் ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரின் நிறை சுமார் 0.35 கிலோகிராம். இழுவிசை மீட்டருக்கு 1500 நியூட்டன் என்று கொள்வோம். 12 அங்குலம் என்பது 0.305 மீட்டர். அலையின் வேகம் நொடிக்கு 65 மீட்டருக்குச் சற்று மேல்; அதிர்வெண் ஏறத்தாழ 165 ஹெர்ட்ஸ். அதே இழுவிசையில் 16 அங்குல டாம் 124 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். தோல் அதிரும்போது தன்னோடு ஒட்டிய காற்றையும் சேர்த்து அசைக்க வேண்டியிருக்கிறது. அடியில் இன்னொரு தோலும் இருக்கிறது. ஆகவே உண்மையான எண்கள் இவற்றிலிருந்து விலகும். நமக்கு இப்போது வேண்டியது கணக்கின் போக்குத்தான்.

இந்தச் சூத்திரத்தில் எதெது வருகிறது என்று பாருங்கள். விட்டம் வருகிறது, தோலின் நிறை வருகிறது, இழுவிசை வருகிறது. மரத்தின் பெயர் எங்கேயாவது வருகிறதா?

இப்போது விளிம்பிலுள்ள திருகுகளை முறுக்கி இழுவிசையை 44 சதவீதம் கூட்டுங்கள். 1.44-இன் வர்க்கமூலம் 1.2. அதிர்வெண் 6/5 மடங்காகிறது. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இந்த விகிதம் பழக்கமானது: ஸட்ஜத்திலிருந்து சாதாரண காந்தாரத்துக்குப் போய்விட்டோம். ஒரு சாவியைக் கொண்டு சில திருகுகளைத் திருப்பியதில் இவ்வளவு மாற்றம்! ஒற்றைத் தகட்டுக்குப் பதில் இரட்டைத் தகட்டுத் தோலைப் போட்டால் நிறை சுமார் 1.4 மடங்காகிறது, அதே இழுவிசையில் 165 ஹெர்ட்ஸ் 140 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஆகவே கடையிலுள்ள இரண்டு செட்டுகளுக்கு இடையே கேட்கும் வேறுபாட்டைவிட, ஒரே செட்டை இன்று ஒரு விதமாகவும் நாளை ஒரு விதமாகவும் கட்டும்போது கேட்கும் வேறுபாடு பெரிதாக இருக்கலாம். வீடியோவில் இருந்த இரண்டு செட்டுகளையும் யார், எந்தத் தோல் போட்டு, எவ்வளவு இழுத்துக் கட்டினார்களோ நமக்குத் தெரியாது. பையன் கேட்ட இடி பிர்ச் மரத்தின் இடியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்று. வட்டச் சவ்வு ஒரே அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. வீணைக் கம்பியின் மேற்சுரங்கள் 1, 2, 3, 4 என்று முழு எண் விகிதத்தில் அமையும். சவ்வுக்கோ 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒழுங்கற்ற விகிதங்கள். அதனால்தான் டிரம்மில் தெளிவான சுருதி கேட்பதில்லை. நம் மிருதங்கத்தில் மட்டும் ஏன் கேட்கிறது? வலந்தலையின் நடுவே அப்பியிருக்கும் கருஞ்சோறு தரும் கூடுதல் நிறை இந்த விகிதங்களை முழு எண்களுக்கு அருகே இழுத்துவருகிறது. சர் சி. வி. ராமன் 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதை எழுதினார். 1934-இல் விரிவான கட்டுரையாகவும் வெளியிட்டார். இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். டிரம் செட்டில் கருஞ்சோறு இல்லை, எனவே திரும்பிவருவோம்.

கைப்பேசி விழுங்கும் ஓசை

பையன் அந்த வீடியோவை எதில் கேட்டான் தெரியுமா? கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில். கட்டைவிரல் நக அளவுள்ள ஒரு சவ்வு அது. தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு ஏராளமான காற்றைத் தள்ள வேண்டும். அதனால் அது முடியாது. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் ஓசை மிகவும் மெலிந்துவிடும். பேஸ் டிரம்மின் அடிச் சுரம் 50, 60 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். ஆக, கைப்பேசியில் பேஸ் டிரம் ஓசை என்று நாம் கேட்பது பெரும்பாலும் மிதிகட்டையின் தலை தோலில் மோதும் 'டிக்' மட்டுமே. டாம்களின் அடிச் சுரமும் பாதிக்கு மேல் போய்விடும்.

மனிதர் குரலில் அடிச் சுரம் வெட்டுப்பட்டாலும் மேற்சுரங்களைக் கொண்டு மூளை அதை நிரப்பிக்கொள்ளும். தொலைபேசியில் அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே கேட்பது இதனால்தான். மேற்சுரங்கள் முழு எண் விகிதத்தில் இருப்பதால் மூளைக்கு அந்தக் கணக்கு எளிது. டிரம்மின் ஒழுங்கற்ற விகிதங்களில் அந்தக் கணக்கு அவ்வளவு எளிதாக நடப்பதில்லை.

ஒலியளவும் நம்மை ஏமாற்றும். ஒரே ஓசையைச் சற்றே உரக்க வைத்தால் அதுவே 'நல்ல' ஓசை என்று காது சொல்லும். அவனிடம் இரண்டு வீடியோக்களையும் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். இரண்டாவது நன்றாகவே உரக்க இருந்தது. எதிரொலி நிறைந்த பெரிய கூடத்தில் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. முதலாவது ஏதோ மெத்தைக் கடைக்குள் அடித்ததுபோல் இருந்தது. பையன் ஒப்பிட்டது இரண்டு அறைகளை!

காதால் மட்டுமே ஒரு மத்தளத்தை எவ்வளவு தூரம் அறிய முடியும் என்பது கணித அறிஞர்களையும் ஆட்டிவைத்த கேள்வி. ஒரு சவ்வின் எல்லா அதிர்வெண்களும் தெரிந்தால் அதன் பரப்பளவைச் சொல்லிவிடலாம் என்று ஹெர்மன் வெயில் 1911-இல் காட்டினார். வடிவத்தையும் சொல்லலாமா என்று மார்க் காட்ஸ் 1966-இல் புகழ்பெற்ற ஒரு கட்டுரையில் கேட்டார். 26 ஆண்டுகள் கழித்து, 1992-இல், கரோலின் கார்டன், டேவிட் வெப், ஸ்காட் வோல்பர்ட் மூவரும் விடை கண்டார்கள்: எப்போதும் முடியாது. பல மூலைகள் கொண்ட இரு வேறு வடிவங்களை அவர்கள் வரைந்து காட்டினார்கள். இரண்டின் அதிர்வெண்களும் ஒன்று விடாமல் அப்படியே பொருந்தும். நம் கடைக்காரர் அப்படிக் கோணல்மாணலான டிரம்களை விற்கப்போவதில்லை. என்றாலும், காதுக்கு ஓர் எல்லை உண்டு என்று கணிதமே ஒப்புக்கொண்ட பிறகு கைப்பேசியை எப்படி நம்புவது?

கடை மூடிய பிறகு ஒரு சோதனை

கடையில் வயதான ஊழியர் ஒருவர் இருந்தார். இளமையில் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவராம். பிள்ளைகள் சேர்த்த பணம் என்று கேட்டதும் அவருக்கு மனம் இளகிவிட்டது. "ராத்திரி கடை சாத்தின பிறகு செய்றேன் சார், என்ன வேணும்னு எழுதி அனுப்புங்க" என்றார். நான் கேட்டது இதுதான்: இரண்டு செட்டிலிருந்தும் 12 அங்குல டாமை மட்டும் எடுங்கள். ஒரே ஜோடித் தோலை முதலில் ஒன்றிலும் பிறகு மற்றதிலும் மாட்டுங்கள். இரண்டையும் கீபோர்டின் ஒரே சுரத்துக்குச் சுருதி சேருங்கள். ஒரே இடம், ஒரே குச்சி. குச்சி ஒரு சாண் உயரத்திலிருந்து விழட்டும். கைப்பேசியை ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பதிவு செய்யுங்கள்.

மாற்ற முடிந்தவற்றையெல்லாம் ஒன்றாக்கிவிட்டால் எஞ்சும் வேறுபாடு ஷெல்லுடையது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் ஒரு காரணியைத் தவிர மற்றவற்றை மாறாமல் வைப்பதும் இதே முறைதான்.

பதிவுகள் வந்தன. கைப்பேசி ஒலிபெருக்கியில் கேட்காமல், காதை மூடும் நல்ல ஹெட்போன் ஒன்றை இரவல் வாங்கிக் கேட்கச் சொன்னேன். ஒரு நிபந்தனையும் போட்டேன். அவன் தங்கை காசைச் சுண்டிப் போட்டு, தலை விழுந்தால் முதல் டாம், பூ விழுந்தால் இரண்டாம் டாம் என்று பத்து முறை ஒலிக்க விட வேண்டும். எது எது என்று அவன் திரையைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

பத்துக்கு ஆறு சரி.

"ஆறு சரின்னா பாதிக்கு மேலதானே மாமா?" என்றான். நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். ஓசையையே கேட்காமல் கண்ணை மூடி ஊகித்தாலும் பத்துக் கேள்விகளுக்கு விடை சொல்லும் வழிகள் 2-இன் 10-ஆம் அடுக்கு, அதாவது 1024. அவற்றில் ஆறோ அதற்கு மேலோ சரியாக அமையும் வழிகள் 386. குருட்டுத்தனமாகச் சொன்னாலே நூற்றுக்கு 38 வாய்ப்பு! ஒன்பதோ பத்தோ சரியாக வந்திருந்தால் கதை வேறு. அதற்கு 1024-இல் 11 வழிகளே உண்டு. ஏறத்தாழ நூற்றில் ஒன்று. அவன் அந்த அளவை எட்டவில்லை. வாரக்கணக்கில் பிர்ச், பிர்ச் என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு முகம் தொங்கிப்போயிருக்கும். தொலைபேசியில் சற்று நேரம் பேச்சே இல்லை.

இதிலிருந்து இரண்டு மரமும் ஒன்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தப் பதிவில், இந்தச் சுருதியில், இந்தக் காதுகளுக்கு வேறுபாடு அகப்படவில்லை, அவ்வளவே. மேடையில் அருகே உட்கார்ந்து வாசிப்பவருக்கு அகப்படலாம். ஆனால் மரத்தின் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க அவனிடம் இனி ஒரு காரணம் இல்லை. விளம்பரத் தாள்களில் 'வெதுவெதுப்பான ஓசை', 'பளிச்சென்ற ஓசை' என்று மரத்துக்கு மரம் வருணிப்பார்கள். தோல் அசையும் அளவோடு ஒப்பிட்டால் ஷெல்லின் சுவர் அசைவது மிகச் சொற்பம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவற்றைப் படியுங்கள்.

அப்படியானால் ஷெல்லுக்கு வேலையே இல்லையா? உண்டு, பெரிய வேலை. நாம் எடுத்துக்கொண்ட இழுவிசையில் 12 அங்குலத் தோல் தன் விளிம்பு முழுவதையும் சேர்த்து ஏறத்தாழ 145 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கிறது. அதைத் தாங்கிக்கொண்டு ஷெல் வட்டமாகவே நிற்க வேண்டும். தோல் படியும் விளிம்பு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் ஒரு திசையில் இறுக்கமாகவும் மறு திசையில் தளர்வாகவும் அமையும். சவ்வின் இரண்டாவது அதிர்வு முறையில், ஒரு விட்டத்தின் ஒருபுறம் மேலே போகையில் மறுபுறம் கீழே போகும். தோல் சீராக இருந்தால் அந்த விட்டம் எந்தத் திசையில் இருந்தாலும் அதிர்வெண் ஒன்றே. சீர் கெட்டால் 250, 254 என்று இரண்டாகப் பிரியும். நொடிக்கு நான்கு விம்மல்கள் வீதம் 'வொய்ங், வொய்ங்' என்று கேட்கும். திருகுகளை எவ்வளவு நேரம் திருப்பினாலும் விளிம்பின் கோணலை முழுவதும் சரிசெய்ய முடியாது. தோலை மாற்றலாம், சுருதியை மாற்றலாம், சிம்பலைக்கூடப் பிறகு வாங்கலாம். விளிம்பு மட்டும் வாங்கும்போது எப்படியோ அப்படியேதான்.

ஊழியருக்கு மறுபடியும் எழுதினேன். தோலைக் கழற்றிய டாமைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து, கடை விளக்குகளை அணைத்து, உள்ளே ஒரு டார்ச்சை எரியவிடுங்கள். விளிம்புக்குக் கீழே எங்கேயாவது வெளிச்சம் கசிகிறதா என்று படம் எடுங்கள். உள் விட்டத்தை நான்கு திசைகளில் அளந்து சொல்லுங்கள். டிரம் செய்பவர்களே கையாளும் முறை இது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "இதைக் கேட்ட முதல் கஸ்டமர் நீங்கதான்."

விட்டங்கள் இரண்டிலும் சரியாக இருந்தன. முதல் டாமின் படத்தில் இருட்டு மட்டுமே. இரண்டாவதன் படத்தில், ஒரு பக்கம், இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு மஞ்சள் கீற்று. அந்தச் சுருதியில் குறை வெளிப்படவில்லை, தோலைத் தளர்த்திக் கட்டினால் வெளிப்படும் என்றார் ஊழியர். எல்லாப் பிர்ச் செட்டும் இப்படித்தான் என்பதல்ல இதன் பொருள். கடையிலிருந்த அந்த ஒன்று அப்படி.

முதல் செட்டையே வாங்கினார்கள். மலை ஏறி வந்த பெட்டிகளைப் பிரித்து முதல் நாள் மாலை முழுவதும் சுருதி சேர்ப்பதிலேயே போயிற்றாம். ஒவ்வொரு திருகுக்கும் அருகே விரலால் தட்டி, எதிரெதிர்த் திருகுகளாகக் கால் சுற்று, கால் சுற்று என்று முறுக்கியிருக்கிறார்கள். பேஸ் டிரம்மின் ஓசையை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டான். வயிற்றில் கேட்டது என்றான்.

சிம்பல்களைப் பற்றி மட்டும் இன்றுவரை முறையிடுகிறான். "தட்டு மாதிரி சத்தம் மாமா." அதில் அவன் சொல்வது சரிதான். பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்தது. நல்ல சிம்பல் வெண்கலத்தில் வார்ப்பது. செம்பு 80 பங்கு, வெள்ளீயம் 20 பங்கு. கோயில் மணியின் உலோகக் கலவையும் ஏறக்குறைய இதுவே. இழுத்துக் கட்டித் திருத்த அதில் திருகு ஏதும் இல்லை. இரண்டு வெண்கலச் சிம்பல்களுக்காக அடுத்த உண்டியல் வைத்திருக்கிறார்கள். அவற்றையும் சென்னையிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். எப்படிச் சோதிப்பது என்று யோசித்துவைக்கச் சொல்லியிருக்கிறான்.